பதினாலுக்குப் பதினொன்று

"மொதல்ல வெறுந்தரைல போடறனுங்க. கேட்டு மனசுல வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் ஒரு எவர்சில்வர் டம்ளரை இடுப்பு உயரத்திலிருந்து கைவிட்டார். டம்ளர் டைல்ஸில் விழுந்து, எழும்பி, மறுபடி விழுந்து, உருண்டு போய் மேசைக்காலில் முட்டி நின்றது. பெரிய சத்தம் ஒன்று, சின்னது இரண்டு, பிறகு உருளும் சத்தம். மொத்தம் நான்கு என்று எண்ணினேன். எதையும் எண்ணிவிடுவது என் பழக்கம், புள்ளியியல் படித்ததால் வந்ததா, அந்தப் பழக்கத்தால்தான் புள்ளியியல் எடுத்தேனா தெரியாது. என் தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. இறக்க வேண்டும் என்று நினைத்தேன், இறங்கவில்லை. பரணி என் முதுகில் கை வைத்து, "பயந்துட்டா" என்று கடைக்காரரிடம் சிரித்தார். கை லேசாகத்தான் இருந்தது. வெளியிடங்களில் அவர் கை எப்போதும் லேசாகத்தான் இருக்கும். கடைக்காரரின் சட்டைப்பையில் வெள்ளியங்கிரி என்று பெயர் குத்தியிருந்தது. ஐம்பது வயது இருக்கும். காதோரம் பென்சில், கழுத்தில் மாலை மாதிரி இஞ்ச் டேப். "வீடு எங்கீங்க, ஊட்டிங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, வடவள்ளி." "வடவள்ளியா! அடிக்கிற வெயிலுக்கு இங்க யாருங்க சார் கார்ப்பெட்டு போடறாங்க?" பரணி குரலை உயர்த்தவில்லை. அவர் எப்போதுமே உயர்த்துவதில்லை. "ரெண்டாவது மாடிங்க. கீழ் வீட்டுல ஒரு டீச்சர் டியூஷன் எடுக்கறாங்க. மேல சேரை நகர்த்துனாக்கூடக் கீழ கேக்குதுன்னு அசோசியேஷன்ல சொல்லிட்டாங்க. குழந்தைங்க படிக்கிற எடம், நாமதான பாத்து நடந்துக்கணும்?" வெள்ளியங்கிரி கையெடுத்துக் கும்பிட்டார். "உங்க மாதிரி ஒரு மேல் வீட்டுக்காரரு எனக்கு வாய்க்கலையே சார். எம் மேல இருக்கறவன் காலங்காத்தால தண்டால் எடுக்கறான், என் ஃபேன் ஆடுது." இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன், கன்னம் இழுபட்டது. சேர். எங்கள் படுக்கையறையில் சேரே கிடையாது. ஒரு கட்டில், ஒரு பீரோ, அதற்கப்புறம் நான்.

பரணி என்னை அடித்ததே இல்லை. அவரே இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார், "நான் எங்க உன்ன அடிச்சேன், சொல்லு?" என்று, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி. அவர் தள்ளுவார், அவ்வளவுதான். இரண்டு உள்ளங்கைகளாலும், தோளுக்குக் கொஞ்சம் கீழே, மழைக்கு ஊதிப்போய்த் திறக்காத கதவைத் தள்ளுவது போல. அடிப்பது தரை. பீரோவுக்கும் குளியலறைக் கதவுக்கும் முன்னால் இருக்கிற அந்தத் தரை, ஏனென்றால் பின்னால் நகர்ந்து நகர்ந்து நான் எப்போதும் அங்கேதான் போய்ச் சேர்கிறேன். மூன்றாவது ரிங்கில் போனை எடுக்காததற்கு ஒரு முறை. அவருடைய துண்டை என் துண்டின்மேல் காயப்போட்டதற்கு ஒரு முறை. காரணங்களையும் ஆரம்பத்தில் எண்ணி வைத்திருந்தேன், அவற்றிலிருந்து ஏதாவது ஒழுங்கு கிடைக்கும், அடுத்ததை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று. ஒழுங்கு கிடைக்கவில்லை. எழுந்ததும் மறுபடி தள்ளுவார், சில நாள் இரண்டு தடவை, சில நாள் மூன்று. நான் கத்துவதில்லை. கத்தக்கூடாது என்றில்லை, வராது. கல்லூரிக் கடைசி வருட வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்திருந்த ஐயா காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, "கேக்கலம்மா, சத்தமா, சத்தமா" என்றார். விடை எனக்குத் தெரியும். உதடு அசைந்தது, தொண்டைக்குள் பஞ்சு. என் டீச்சர்தான், "எழுத்துல நல்லாப் பண்ணுவா சார்" என்று சொல்லிக் காப்பாற்றினார். ஆகவே எங்கள் வீட்டில் கேட்பது தரையின் சத்தம் மட்டும்தான். அதைக் கேட்பது மெர்சி அக்கா. எங்கள் படுக்கையறைக்கு நேர் கீழேதான் அவருடைய டியூஷன் அறை. சாயங்காலம் ஆறு மணிக்கு வாய்ப்பாடு தொடங்கும், ஜன்னல் வழியாக மேலே ஏறி வரும். நான் விழுந்தால் அது நின்றுவிடும். ஏழேழு நாற்பத்தொன்பது, அதோடு சரி. கன்னம் தரையில் பதிந்திருக்க, கீழே பதினைந்து பிள்ளைகள் தலையைத் தூக்கி மேலே பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். அப்புறம் மெர்சி அக்காவின் குரல் தனியாக, "ம், ஏழெட்டு?" என்று ஆரம்பிக்கும். போன மாதம் லிஃப்டில் கேட்டார். "நேத்து மேல என்ன வினோதினி விழுந்துச்சு?" "குக்கருங்க்கா." "குக்கர் விழுந்தா ஒரு தடவைதான விழும்?" நான் லிஃப்ட் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று. பூஜ்யம். கதவு திறந்தது, அவர் இறங்கவில்லை, கதவுக்குக் குறுக்கே கையை நீட்டிப் பிடித்துக்கொண்டார். "இன்னொரு தடவை கேட்டேன்னா நான் மேல வருவேன். எங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வந்து கதவைத் தட்டுவேன். நீ ஒண்ணும் பேச வேண்டாம். பேசறத நான் பாத்துக்கறேன்." கை முழுக்கச் சாக்பீஸ் தூள். நீ ஒன்றும் பேச வேண்டாம். என் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய உதவியை யாரும் சொன்னதில்லை. ஆனால் அவரும் ஒரு தப்புச் செய்தார். மனிதர்கள் வெட்கப்படுவார்கள் என்று நம்பினார். அசோசியேஷன் கூட்டத்தில் பெயர் சொல்லாமல், "மேல் வீட்டுல இருந்து சத்தம் வருது, எதுன்னு அவங்களுக்கே தெரியும், நிறுத்திக்கிட்டா நல்லது" என்றார். நாற்காலிகளில் இருந்த அத்தனை பேருக்கு நடுவில் பரணி எழுந்து நின்று, "மன்னிக்கணும் மேடம், சரி பண்ணிடறேன்" என்றார். கை தட்டினார்கள். சரி பண்ணத்தான் வந்திருக்கிறோம்.

"இது காட்டன். பவானி ஜமக்காளம் இருக்குதுங்கல்ல, அதுக்கு அண்ணன்." டம்ளர் விழுந்தது. மூன்று சத்தம். "இது தேங்காய் நாரு. முரட்டுச் சாமான், செருப்புக் காலோட மிதிச்சாலும் அசையாது." இரண்டு, கொஞ்சம் கரகரப்பாக. "இது நைலான். வெளுத்துப்போகாது, காபி கொட்டுனாத் தொடச்சுக்கலாம், குழந்தைங்க இருக்கற வீட்டுக்கு இதத்தான் குடுப்போம். குழந்தைங்க இருக்குங்களா?" "இன்னும் இல்லீங்க" என்றார் பரணி. ஒன்று. ஒரே ஒரு சத்தம், ஆனால் தெளிவாக, பக்கத்து அறையில் யாரோ செருமுவது போல. நான் பரணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறை டம்ளர் விழும்போதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, காதைத் தரைப்பக்கம் கொடுத்து, கச்சேரி கேட்பவர் மாதிரி. பம்ப் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருக்கிறார், எதையும் சோதிக்காமல் வாங்க மாட்டார். என்னைப் பார்க்க வந்தபோதுகூட, "ஏதாச்சும் பேசுங்க, குரல் கேக்கணும்ல" என்றார். நான் பேசவில்லை. அது அவருக்குப் பிடித்திருந்தது என்று அப்புறம் தரகர் சொன்னார். "இது சின்னப் பொருளுங்க" என்றார் இப்போது, கண்ணைத் திறந்து. "கனமா ஏதாச்சும் விழுந்தா?" "கனமான்னா? கிரைண்டருங்களா?" "ஆமா, அந்த மாதிரி." கிரைண்டர் எவ்வளவு எடை இருக்கும். நான் நாற்பத்தேழு கிலோ. கல்யாணத்துக்கு முன்னால் ஐம்பத்திரண்டு. வெள்ளியங்கிரி யோசித்தார். உள்ளே போய் ஒரு சுருள் கம்பளத்தைத் தோளில் தூக்கிவந்து, தட்டையாகக் கிடந்த சாம்பல் நிறக் கம்பளத்தின்மேல் போட்டார். "கீழ கெடக்கறது வுல்லு. சுத்தமான ஆட்டு ரோமம். அடியில ரப்பர் மெத்தை குடுத்திருக்கு." சுருள் விழுந்தது. விழுந்ததைப் பார்த்தேன். ஒரு பூனை கட்டிலிலிருந்து இறங்கினால் வருமே, அதுகூட இல்லை. அப்புறம் டம்ளரையும் போட்டார். அது விழுந்த இடத்திலேயே, விழுந்த சாய்விலேயே, பாதி புதைந்து கிடந்தது. பூஜ்யம். என் மனத்தில் வரிசையாக எழுதிக்கொண்டேன். வெறுந்தரை நான்கு, காட்டன் மூன்று, நார் இரண்டு, நைலான் ஒன்று, வுல்லு பூஜ்யம். இவ்வளவு நேர்கோட்டில் விழும் புள்ளிகளை ஆய்வுக்கூடத்தில்கூட நான் பார்த்ததில்லை. கோட்டின் கடைசியில் மெர்சி அக்கா பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறார், வாய்ப்பாடு நிற்கவே இல்லை, எட்டெட்டு அறுபத்துநான்கு, எட்டொன்பது எழுபத்திரண்டு, போய்க்கொண்டே இருக்கிறது, மேலே ஒன்றுமே நடக்காதது போல. ஒரு வாரம் கேட்பார். இரண்டு வாரம். பிறகு, நல்லபடியாக ஆகிவிட்டது, கூட்டத்தில் சொன்னது வேலை செய்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார். லிஃப்டில் என்னைப் பார்த்துச் சிரிப்பார். நானும் சிரிக்க வேண்டியிருக்கும்.

"வுல்லுதானா, கலப்படமா?" என்று பரணி கேட்டார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல வெள்ளியங்கிரி தீப்பெட்டியை எடுத்தார். கம்பளத்தின் ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவி, இன்னொரு கையால் நைலானிலிருந்தும் ஒன்றை உருவி, இரண்டையும் என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "அம்மிணி, நீங்க பாருங்க. நைலான் உருகி மணியாட்டம் உருண்டுக்கும், ப்ளாஸ்டிக் வாசம் வரும். காட்டன்னா காகிதம் எரியற வாசம். வுல்லுன்னா என்ன வாசம் வரும், சொல்லுங்க?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியும். முடி எரியும் வாசம். உதடு அசைந்தது. "முடி" என்று அவரே சொல்லிவிட்டுக் குச்சியை உரசினார். கல்யாணமாகி மூன்றாவது வாரம், அடுப்பில் குனிந்தபோது பின்னல் முன்னால் சரிந்து நுனி பற்றிக்கொண்டது. எனக்குத் தெரியவே இல்லை, வாசம்தான் முதலில் வந்தது. பரணி ஹாலிலிருந்து ஓடிவந்து வெறும் கையால் பொத்தி அணைத்தார். அவர் உள்ளங்கையில் கொப்புளம். நான் அதற்கு மருந்து தடவிக்கொண்டே அழுதேன், அவர், "உன் முடிதானடா முக்கியம், கை கெடக்குது விடு" என்றார். அந்தப் பின்னலின் நுனியை வெட்டியபோது அவரே கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டார், ஒரு அங்குலம்கூட அதிகம் போகக்கூடாது என்று. கொப்புளம் ஆறியதும் வலது உள்ளங்கையில் காசளவுக்கு மினுமினுப்பாக ஒரு தோல் வந்தது. இன்றும் இருக்கிறது. தள்ளும்போது இரண்டு கைகளில் எது முதலில் படுகிறது என்பது எனக்கு அந்த வழுவழுப்பை வைத்துத்தான் தெரியும். அன்றைக்கு அணைத்ததும் இன்றைக்குத் தள்ளுவதும் ஒரே கைதான். இதை எத்தனை முறை நினைத்தாலும் என் மனம் அதே இடத்தில் போய் மாட்டிக்கொள்கிறது, துணி ஆணியில் மாட்டுவது போல. இரண்டு கைகளாக இருந்திருந்தால், இரண்டு மனிதர்களாக இருந்திருந்தால், ஒருவரைவிட்டு இன்னொருவரிடம் போயிருப்பேன். இழை கருகிப் பொடிந்தது. கடை முழுக்க முடி எரியும் வாசம். "அசல்" என்றார் பரணி திருப்தியாக. "தண்ணி மட்டும் படக்கூடாதுங்க" என்றார் வெள்ளியங்கிரி. "பட்டுதுன்னா நாலு நாளைக்கு ஆட்டுப்பட்டியில குடியிருக்கற மாதிரியே இருக்கும்."

"செருப்பக் கழட்டிட்டு ஏறிப் பாருங்க அம்மிணி. கால்தான் சொல்லோணும், கண்ணு சொல்லக்கூடாது." ஏறினேன். கணுக்கால்வரை ஏதோ வந்து கவ்விக்கொண்டது போல இருந்தது, இதமாக. நான் எதிர்பார்க்கவில்லை. ஈரமில்லாத புல் மாதிரி, இல்லை, புல் குத்தும், இது குத்தவில்லை. இடது இடுப்பில் போன செவ்வாய்க்கிழமையின் வலி இருக்கிறது, உள்ளங்கை அகலத்துக்கு, இப்போது பச்சையிலிருந்து மஞ்சளாக மாறிக்கொண்டிருக்கிறது. படியிறங்கும்போது அது தனியாக என் பின்னாலேயே ஒரு படி தாமதமாக இறங்கும். கம்பளத்தின்மேல் நின்றபோது அந்த வலி என்னைவிட முன்னால் முடிவு செய்துவிட்டது. வுல்லு வேண்டும். இதுதான் வேண்டும். இதன்மேல் விழுந்தால் இடுப்பு பிழைக்கும், முழங்கை பிழைக்கும், பல்லிடுக்கில் ரத்த ருசி வராது. ஏன் கூடாது. பரணி தள்ளாமல் இருக்கப்போவதில்லை, அது எனக்கு மழைக்காலம் மாதிரி நிச்சயம். அப்படியானால் மெத்தென்று விழுவதில் என்ன தப்பு. பெங்களூரிலோ எங்கோ குழந்தைகள் விளையாடும் இடத்தில் ரப்பர் தரை போடுகிறார்களாமே, விழாமல் இருப்பதற்கா போடுகிறார்கள், விழுந்தால் அடிபடாமல் இருக்கத்தானே. வலிக்காத, யாருக்கும் கேட்காத வாழ்க்கை. பத்து வருடம் ஓட்டிவிடலாம். அம்மாவிடம் போன வாரம் போனில் சொல்லப்பார்த்தேன். "அம்மா, எனக்கு இங்க" என்பதுவரை வந்தது. அம்மா உடனே, "அப்பாவுக்கு ஸ்டென்ட் வெச்சு இன்னும் ரெண்டு மாசம்கூட ஆகல வினோ, டாக்டர் அதிர்ச்சியா எதுவும் சொல்லக்கூடாதுன்னுட்டாரு" என்றாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று கேட்கவே இல்லை. கேட்காமலேயே அதிர்ச்சி என்று தெரிந்திருக்கிறது. அப்படியானால் அம்மாவுக்கு எவ்வளவு நாளாகத் தெரியும். அம்மாவின் காதிலும் யாரோ நல்ல கனமாக ஒன்றை விரித்திருக்கிறார்கள். வேண்டாம், அப்படி நினைக்கக்கூடாது, அவள் பாவம், அவளுக்கு அப்பா ஒருவர்தான். நான் கம்பளத்தில் கால் மாற்றி நின்றேன். என் காலடிச் சத்தமே எனக்குக் கேட்கவில்லை. அப்போதுதான் பயம் வந்தது. அந்த அறையில் நான் நடப்பேன், கேட்காது. குளிக்கப் போவேன், கேட்காது. ஒருநாள் தள்ளும்போது பீரோ முனையில் தலை பட்டு, எழுந்திருக்க முடியாமல் கிடப்பேன், நகத்தால் தரையைச் சுரண்டுவேன், ஆட்டு ரோமம் நகக்கண்ணில் நிறையும், கீழே ஒன்பதொன்பது எண்பத்தொன்று. "என்ன வினிம்மா, பிடிச்சிருக்கா?" என்றார் பரணி. வினிம்மா என்பது கடைகளில் மட்டும் என் பெயர். நான் தலையசைத்தேன். வெள்ளியங்கிரி, "அம்மிணிக்கு எறங்கவே மனசில்ல" என்றார்.

வெளியே வாசல்காவல்காரர் விசிலடித்துக்கொண்டே உள்ளே வந்தார். "வெள்ளைக் காருங்களா? கேட்டுக்குக் குறுக்கால நிக்குது, லாரி உள்ள வரோணும். எடுத்துருங்க சார்." பரணி சாவியைத் தேடினார். "அளவு கொண்டுவந்தீங்களா சார், இல்ல நாளைக்கு ஆள் அனுப்பட்டுங்களா?" "இவதான் காலைல அளந்தா. குறிச்சு வெச்சிருக்கா. நீங்க இப்பவே வெட்டி ரெடி பண்ணுங்க, இந்த வாரமே போட்டாகணும்." பிறகு என்னிடம், "சொல்லிடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கண்ணாடிக் கதவு அவருக்குப் பின்னால் மெதுவாக, வலிக்காமல், மூடிக்கொண்டது. ஆமாம், காலையில் நான்தான் அளந்தேன். தையல் டேப்பின் ஒரு முனையைக் கட்டில்காலுக்கு அடியில் கொடுத்து, தவழ்ந்து தவழ்ந்து, ஜன்னல் சுவரிலிருந்து குளியலறைக் கதவுவரை. பதினாலடி. குறுக்கே பதினொன்று. அந்தச் சீட்டு கைப்பைக்குள் இருக்கிறது. ஜன்னலோரம் கட்டில். கட்டில் தாண்டி நடக்கிற இடம். அதையும் தாண்டி, பதினோராவது அடியிலிருந்து பதினாலாவது அடிவரை, பீரோவுக்கும் குளியலறைக் கதவுக்கும் முன்னால், அந்த இடம். அந்த டைல்ஸில் தண்ணீர்க் கறை ஒன்று இருக்கிறது, படுத்த வாக்கில் பார்த்தால் மட்டும் தெரியும். "எவ்வளவுங்க அம்மிணி?" வெள்ளியங்கிரி தரையில் சுருளை விரித்து, காதோரப் பென்சிலை எடுத்திருந்தார். கையில் வளைந்த கத்தி. "பாத்துச் சொல்லுங்க. வெட்டுனா வெட்டுனதுதான், திருப்பி எடுக்க மாட்டோம். ஒட்டுப் போட்டாலும் தெரியும்." நான் சொன்னேன். "கேக்கலீங்க?" மறுபடி சொன்னேன். உதடு அசைந்தது. அவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார், அதே மாதிரி, அப்படியே அந்த ஐயா மாதிரி. கண்ணாடிக்கு வெளியே வெள்ளைக் கார் பின்னால் நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்தது. இன்னொரு சுற்று திருப்பினால் நிறுத்திவிடுவார். இடுப்பு சொன்னது, பதினாலு. பேசாமல் பதினாலு என்று சொல்லு, உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன் என்று சொன்னது. "பதினொண்ணுக்குப் பதினொண்ணு" என்றேன். கடை முழுக்கக் கேட்டது. கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். என் குரல் இப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது, கொஞ்சம் தடித்து, ஆண்பிள்ளைக் குரல் மாதிரி. "சதுர ரூமுங்களா?" "ஆமாங்க." கத்தி இறங்கியது. ரோமத்தை வெட்டும்போது மட்டும் அதிலிருந்து ஒரு சத்தம் வந்தது, நீளமாக, யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை இழுப்பது போல. அவர் குனிந்திருந்த நேரத்தில் கைப்பையைத் திறந்து, சீட்டை எடுத்து, மேசைமேல் இருந்த தடித்த மாதிரிப் புத்தகத்துக்குள், நைலான் பக்கத்துக்கும் வுல்லுப் பக்கத்துக்கும் நடுவில் வைத்து மூடினேன்.

பரணி கையைத் துடைத்துக்கொண்டே வந்தபோது சுருட்டிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். "முடிஞ்சுதா?" "ஆச்சுங்க சார். பதினொண்ணுக்குப் பதினொண்ணு, அடி ரப்பரும் அதே அளவு." நான் பரணியின் முகத்தைப் பார்க்கவில்லை, அவருடைய வலது கையைப் பார்த்தேன். அது பில்லை வாங்கியது. நூற்று இருபத்தொரு சதுர அடி என்ற வரிமேல் கட்டைவிரல் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. கொள்முதல் பிரிவு. ஒரு போல்ட் குறைந்தால் கண்டுபிடித்துவிடுவார் என்று அவர் கூட வேலை பார்ப்பவர்கள் சொல்வார்கள். ஆனால் அவருக்கு அந்த அறையின் அளவு தெரியாது. அவர் அதில் தூங்குகிறார், எழுகிறார், நிற்கிறார். அந்தத் தரையை முழுசாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். "சரி" என்று பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "வியாழக்கெழம மத்தியானம் ஆளுங்க வந்து விரிச்சுக் குடுத்துருவாங்க சார். வீட்டுல இருப்பீங்களா?" "நான் ஆறு மணிக்குத்தான் வருவேன். இவ இருப்பா." ஆறு மணி. காரில் ஏறியதும் ஏசியை என் பக்கம் திருப்பிவிட்டார். நல்ல மனநிலையில் இருந்தார். "அந்த டீச்சரம்மா இனிமே எத வெச்சுப் பேசும், பாக்கலாம்" என்றார். "கூட்டத்துல அத்தன பேரு முன்னாடி என்னைய எந்திரிக்க வெச்சா இல்ல?" நான் ம் என்றேன். என் குரல் பழையபடி பஞ்சுக்குள் போய்விட்டிருந்தது, பரவாயில்லை, இனி அது வேண்டியதில்லை. கைப்பையை மடிமேல் வைத்து அழுத்திக்கொண்டேன். சாயிபாபா காலனி சிக்னலில் வண்டி நின்றது. வியாழக்கிழமை ஆட்கள் வந்ததும் ஜன்னல் பக்கத்திலிருந்து விரிக்கச் சொல்ல வேண்டும். அளவு குறையுதுங்களே மேடம் என்பார்கள். இருக்கட்டும், பாத்ரூம் பக்கம் ஈரம் படும், வுல்லுக்கு ஆகாது என்று கடையிலேயே சொன்னார்கள் என்பேன். பரணியிடமும் அதையேதான் சொல்வேன். அவர் நம்ப மாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார், சாம்பல் நிறம் முடிந்து வெறுந்தரை தொடங்குகிற கோட்டைப் பார்ப்பார், புள்ளியியலில் பட்டம் வாங்கினவளுக்கு ஒரு ரூமை அளக்கத் தெரியலையா என்று மெதுவாகக் கேட்பார். நான் அப்போது எங்கே நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கோட்டைத் தாண்டி ஒன்றரை அடி. பீரோ முனை தலையில் படாதபடி, குளியலறைக் கதவுக்கு நேராக. இந்த முறை பின்னால் நகரக்கூடாது, கம்பளத்தின் பக்கம் சாய்ந்துவிடக்கூடாது, உடம்பு சாயப்பார்க்கும், அதற்கு இடுப்பைத் தெரியும். கையை ஊன்றாமல் விழ வேண்டும். எழுந்து, அதே இடத்தில் மறுபடி நிற்க வேண்டும். குக்கர் ஒரு தடவைதான் விழும். சிக்னல் விழுந்தது, பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள், பரணி கியரை மாற்றிக்கொண்டே, "என்ன யோசனை?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன். ஏழாம் வாய்ப்பாட்டை இதற்குள் முடித்திருப்பார்கள். வியாழக்கிழமை ஆறு மணிக்கு எதில் இருப்பார்கள், எட்டிலா, ஒன்பதிலா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.